தக்காளிச்சாறும் ஆறிய தேத்தண்ணியும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நுவரெலியாவில் பனிமூட்டம் பாதிதான் விலகியிருக்கும். அந்த நேரத்தில் ஹோட்டல்களில் காலைச் சாப்பாட்டையும் பகல் சாப்பாட்டையும் ஒன்றாகச் சேர்த்து பிரஞ்ச் என்று போடுவார்கள். முட்டை, இறைச்சி, ரொட்டி, பழம் எல்லாம் இருக்கும். கூடவே சில மேசைகளில் உயரமான கிளாஸில் சிவப்பாக ஒரு பானம் நிற்கும். தக்காளிச்சாறு, தேசிக்காய், உப்பு, மிளகு, காரம், அதோடு வொட்கா. பிளடி மேரி என்று சொல்லுவார்கள். மலைநாட்டு ஹோட்டல்களில் பாருக்குப் பின்னால் முப்பது வருடத்துக்கு மேல் நின்ற எனக்கு, இந்த ஒரு பானத்தின் மேல் இருந்த ஆசை இன்னும் தீரவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுபானத்தை விளம்பரம் செய்வதை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் நான் அதைச் செய்யப்போவதில்லை. லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். சம்பள நாள் இரவில் எந்தக் காம்பராவிலிருந்து என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு நான் பேச வந்தது அந்தக் கிளாஸில் இருக்கும் மற்றச் சாமான்களைப் பற்றி. உண்மையான ருசி அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பானத்தைப் பெயர்பெற வைத்தவர் பெர்னாண்ட் பெட்டியோ என்ற பிரெஞ்சுக்காரர். 1920களில் பாரிஸில் ஹரிஸ் நியூயோர்க் பாரில் வேலை செய்தார். 1934இல் நியூயோர்க் போய் சென் ரெஜிஸ் ஹோட்டலில் சேர்ந்தார். யார் முதலில் கண்டுபிடித்தது என்பதில் சண்டை இருக்கிறது. ஜோர்ஜ் ஜெசல் என்ற நடிகரும் அது தன்னுடையது என்றார். ஆனால் 1964இல் பெட்டியோ ஒரு பத்திரிகைக்குச் சொன்னது எனக்குப் பிடிக்கும். தன் கைக்கு வந்தபோது அதில் வொட்காவும் தக்காளிச்சாறும் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை என்றார். பாத்திரத்தின் அடியில் முதலில் உப்பு, மிளகு, மிளகாய்த்தூள், ஊஸ்டர் சோஸ், தேசிக்காய்ப் புளி எல்லாம் போடுவாராம். அதற்குப் பிறகுதான் மற்றது.

உப்பு, மிளகு, மிளகாய், புளி, தக்காளி. நேயர்களே, இது எங்கள் வீட்டு ரசத்துக்கு எடுத்து வைக்கும் சாமான் இல்லையா? ஊஸ்டர் சோஸில் என்ன இருக்கிறது தெரியுமா? இங்கிலாந்தில் 1837இலிருந்து போத்தலில் விற்கிறார்கள். வினாகிரி, நெத்தலி, பூண்டு, அப்புறம் புளியம்பழப் புளி! முதன்முதலாக அந்தப் போத்தலைத் திறந்து மோந்து பார்த்தபோது எனக்கு அம்மாவின் மீன் குழம்புச் சட்டிதான் ஞாபகம் வந்தது.

அதனால் ஊஸ்டர் சோஸ் இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். மாசிக் கருவாட்டை இடித்து ஒரு மேசைக்கரண்டி எடுங்கள். அரைக் கோப்பை சுடுதண்ணீரில் கொஞ்சம் புளி கரைத்து, அதில் மாசியையும் சின்னத் துண்டு கித்துல் கருப்பட்டியையும் போட்டு இருபது நிமிடம் மூடி வையுங்கள். துணியில் வடித்தால் ஊஸ்டர் சோஸின் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. மாசியும் தக்காளியும் நன்றாகச் சேர்வதற்குக் காரணம் இருக்கிறது. 1908இல் இக்கெடா என்ற ஜப்பானிய விஞ்ஞானி உமாமி என்று ஒரு சுவைக்குப் பெயர் வைத்தார். இறைச்சிச் சாற்றில், பழுத்த தக்காளியில், காய்ந்த மீனில் நாக்குக்கு நிறைவாகத் தெரிகிறதே, அதுதான். தக்காளியில் இருப்பது ஒரு வகை, காய்ந்த மீனில் இருப்பது இன்னொரு வகை. இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று பல மடங்கு தூக்கிவிடும். பானத்தில் மீனா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். கனடாவில் கல்கரி நகரத்தில் 1969இல் வோல்டர் செல் என்பவர் தக்காளிச்சாற்றில் மட்டிச் சாறு கலந்து சீசர் என்று ஒரு பானம் செய்தார். இன்றைக்கும் அந்த நாடு முழுவதும் அதைக் குடிக்கிறார்கள்.

மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்வந்த தங்கைமார், தம்பிமார் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். விமானத்தில் பலர் தக்காளிச்சாறு கேட்டு வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். விமானத்தின் இரைச்சலில் இனிப்பு மங்கித் தெரியும், இந்த உமாமி மட்டும் கூடித் தெரியும் என்று கோர்னெல் பல்கலைக்கழகத்தார் 2015இல் காட்டினார்கள்.

சரி, தக்காளிக்கு வருவோம். வெலிமடை, கெப்பட்டிப்பொல பக்கத்துப் பழமாக இருந்தாலும், உங்கள் வீட்டுப் பின்பக்கத்துச் செடியாக இருந்தாலும், நன்றாகப் பழுத்திருக்க வேண்டும். காம்புப் பக்கம் பச்சை நின்றால் இரண்டு நாள் வெளியில் வையுங்கள். பிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் அதன் வாசனை போய்விடும். விதையைச் சுற்றி வழுவழுப்பாக இருக்கிறதே, அதைக் கழித்துவிடாதீர்கள். உமாமி அதிகம் இருப்பது அதில்தான். பழத்தை நாலாக வெட்டி, உப்புப் போட்டு, அரை மணிநேரம் விடுங்கள். பிறகு கையால் பிசைந்து வடியுங்கள். மிக்ஸியில் அடித்தால் காற்று ஏறி, நுரைத்து, சிவப்பு வெளிறி ரோஸ் நிறமாகிவிடும். உப்பு முதலில். திரும்பவும் சொல்கிறேன், உப்பு முதலில். கடைசியில் போடும் உப்பு மேலேயே நிற்கும்.

கலக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மற்ற கொக்டெயில்களைக் குலுக்குவது போல இதைக் குலுக்கக்கூடாது. ஐஸ் உடைந்து சாறு தண்ணீராகிவிடும். இரண்டு கிளாஸ் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதுக்கு நாலைந்து தடவை மெதுவாக ஊற்ற வேண்டும். வெளிநாட்டில் இதை ஒரு வித்தையாகப் படிப்பிக்கிறார்கள். நாங்கள் தேத்தண்ணி ஆற்றுகிற அதே கைதான்.

தேத்தண்ணி என்று சொன்னதும் எனக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். நேரம் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு ஏப்ரல் சீசன். கொழும்பிலிருந்து ஒரு குடும்பம், பெரியவர்கள் ஐந்து பேர். நாலு பேர் பிளடி மேரி கேட்டார்கள். ஐந்தாவது, ஒரு அம்மா, தனக்கு மது இல்லாமல் வேண்டும் என்றார். வேர்ஜின் மேரி. நான் வொட்காவை மட்டும் விட்டுவிட்டு, மற்றதெல்லாம் அதேபோலக் கலந்து கொடுத்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அந்த அம்மா இரண்டு மிடறு குடித்தார். பிறகு கடதாசி நப்கினை நாலாக மடித்து கிளாஸின் வாயை மூடி வைத்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸை எடுக்கப் போனபோது எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கு இரவு அதே மாதிரி ஒன்று கலந்து நானே குடித்துப் பார்த்தேன். சப்பென்று இருந்தது. ஆறிப்போன சூப் போல, பிடிமானமே இல்லாமல் இருந்தது.

மது நாக்கில் ஒரு எரிவைக் கொடுக்கும், வாயைக் கொஞ்சம் உலர்த்தும். அதை எடுத்துவிட்டால் அந்த இடம் வெற்றிடம். அதில் எதை வைப்பது? வினாகிரியைக் கூட்டிப் பார்த்தேன், தொண்டையைக் குத்தியது. இஞ்சிச் சாறு விட்டேன், நல்லாகத்தான் இருந்தது, ஆனால் இஞ்சிப் பானமாகிவிட்டது. கொச்சிக்காயைக் கூட்டினேன், வாய் எரிந்ததே தவிர பிடிமானம் வரவில்லை. இரண்டு மாதம் இப்படியே போனது.

ஒரு நாள் அறுசுவையையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். தக்காளியில் இனிப்பும் புளிப்பும் இருக்கிறது. உப்பு இருக்கிறது. காரம் இருக்கிறது. செலரி இலையில் கசப்பு இருக்கிறது. துவர்ப்பு? அது எங்கே?

எங்கள் அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது போத்தலில் சாயத்தண்ணி கொண்டு போவார். மத்தியானம் ஆறிப்போயிருக்கும். சின்ன வயதில் அதில் ஒரு வாய் வாங்கிக் குடித்தால் நாக்கின் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பு! மூன்று பக்கமும் தேயிலை மலை தெரிகிற பாரில் நின்றுகொண்டு, இரண்டு மாதம் அதை வேறெங்கோ தேடியிருக்கிறேன்.

அளவைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி தேயிலைத் தூள், 100 மில்லிலீற்றர் கொதிதண்ணீர், ஐந்து நிமிடம். சீனி வேண்டாம், பால் வேண்டவே வேண்டாம். வடித்து நன்றாக ஆறவிடுங்கள். 90 மில்லிலீற்றர் தக்காளிச்சாற்றுக்கு இந்தச் சாயம் 30 மில்லிலீற்றர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி. தேசிக்காய்ப் புளி ஒரு மேசைக்கரண்டி. மாசித் தண்ணீர் ஒரு தேக்கரண்டி. மிளகை அப்போதே இடித்துப் போடுங்கள். நுவரெலியாத் தேயிலை மென்மையானது, வாசனையானது. அதைத் தனியே குடியுங்கள். இதற்குக் கடுஞ்சாயம் இறங்கும் டஸ்ட் தூள்தான் சரி. அந்த அம்மா திரும்ப வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மது வேண்டாம் என்று சொன்ன எவருக்கும் நான் வெறும் தக்காளிச்சாறு கொடுத்ததில்லை. கல்யாண வீட்டில், நத்தாரில், தீபாவளியில், குடிக்காதவர் கையில் சோடாவைத் திணித்துவிட்டு ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது. அவருக்கும் பார்த்துப் பார்த்துக் கலந்த ஒரு கிளாஸ் வேண்டும்.

அடிப்படை கைக்கு வந்துவிட்டால் மாற்றங்களைச் சுலபமாகச் செய்யலாம். விறகடுப்புத் தணலில் தக்காளியைத் தோல் கருகச் சுட்டுப் பிசைந்தால் புகை வாசனையோடு ஒரு வகை. சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டால் ரசத்துக்குப் பக்கத்து வீடு. காரத்துக்கு நைமிரிஸ் என்றால் பழ வாசனை வரும், ஆனால் ஒரு கீற்று போதும். மெக்சிகோக்காரர் பச்சைக் கொத்தமல்லி சேர்ப்பார்கள், அதுவும் நல்லது. எதைச் சேர்த்தாலும், உப்பு முதலில்.

செலரி உப்புச் செய்வதைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு விரலைக் காட்டுகிறார், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. இலையை நிழலில் காயவைத்து உப்போடு நுணுக்குங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, ஜூன் மாத மழைக்காலத்துக்கு. இதே சாற்றை ஐஸ் இல்லாமல் சூடாகவும் குடிக்கலாம். சாறும் சாயமும் மாசித் தண்ணீரும் ஒன்றாக அடுப்பில் வைத்து, ஓரத்தில் நுரை கட்டும்போது இறக்கிவிடுங்கள். தேசிக்காயை இறக்கிய பிறகு பிழியுங்கள், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசந்துவிடும். வணக்கம்.