தொடர்கதையின் நினைவு

நேயர்களுக்கு வணக்கம்.

தொடராக வரும் படக்கதைகளைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன். வாரா வாரமோ மாதா மாதமோ சில பக்கங்களாக வந்து, பத்து வருடம், இருபது வருடம் என்று நீண்டுகொண்டே போகும் காமிக்ஸும், ஜப்பானியப் படக்கதையான மங்காவும். நான் படம் வரைபவன் இல்லை, கதை எழுதுபவனும் இல்லை. ஊரிலிருந்து வரும் உறவினர்கள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த ராணி காமிக்ஸ், லயன் காமிக்ஸில் ஆரம்பித்து, இங்கே சிங்கப்பூரில் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸின் பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி வாங்கி, இப்போது கைப்பேசியில் படித்துக்கொண்டிருக்கும் ஒரு வாசகன்.

இப்போதெல்லாம் தேட வேண்டிய தேவையே இல்லை. மங்கா பிளஸ் என்ற செயலி 2019இல் வந்த பிறகு, ஜப்பானில் திங்கட்கிழமை பிறக்கும் நேரத்தில், அதாவது நமக்கு ஞாயிறு இரவு 11 மணிக்கு, பல தொடர்களின் புது அத்தியாயம் ஆங்கிலத்தில் வந்துவிடுகிறது. மறுநாள் காலை எம்ஆர்டி ரயிலில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வருகிறார்கள். ஆர்வமாகப் பேசுகிறார்கள், கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ஒரு கதையின் உலகம் பிரமாதம் என்று அவர்கள் சொல்லும்போது, பெரும்பாலும் சொல்வது அதன் வரைபடத்தை, சக்திகளின் வகைகளை, யார் எந்தத் தரம், எத்தனை ராஜ்யம், எத்தனை ஆயிரம் வருடச் சரித்திரம் என்பதை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பக்கம் பக்கமாக விளக்கம் எழுதி எவ்வளவு பெரிய உலகத்தையும் உண்டாக்கிவிடலாம். அந்த உலகம் நிஜமா இல்லையா என்று பார்க்க நான் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தக் கதை தன் ஆட்களுக்குச் செய்ததையும், அவர்களுக்குக் கொடுத்த வாக்கையும் ஞாபகம் வைத்திருக்கிறதா?

நருட்டோவை எடுத்துக்கொள்வோம். மசாஷி கிஷிமோட்டோ 1999இல் தொடங்கி 2014இல் 700 அத்தியாயங்களோடு முடித்த நிஞ்சா கதைத் தொடர், உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அதில் ஹியூகா என்று ஒரு வம்சம். அந்த வம்சத்தில் தலைமைக் குடும்பம் ஒன்று, கிளைக் குடும்பம் ஒன்று. கிளையில் பிறந்தவர்களின் நெற்றியில் சிறு வயதிலேயே ஒரு முத்திரை பதிக்கிறார்கள், தலைமைக் குடும்பத்தார் நினைத்தால் அந்த முத்திரை வழியாகவே அவர்களுடைய மூளையை அழித்துவிடலாம். இதில் பிறந்தவன் நெஜி. தலைமைக் குடும்பத்துப் பெரியப்பாவுக்குப் பதிலாக, அவரோடு இரட்டையாகப் பிறந்த நெஜியின் அப்பா சாகிறார், இரண்டாவதாகப் பிறந்தார் என்பதாலேயே கிளைக்குப் போனவர் அவர். பிறப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, விதியை யாரும் மாற்ற முடியாது என்று அந்தப் பையன் சொல்லும்போது, பிறப்பை வைத்து மனிதரை மேல் கீழ் என்று பிரித்த ஒரு சமூகத்திலிருந்து வந்த நமக்கு அது என்ன வலி என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சூனின் தேர்வு என்ற நிஞ்சா தகுதித் தேர்வில் கதாநாயகன் நருட்டோ அவனைத் தோற்கடித்து, நான் ஹொக்காகே, அதாவது ஊர்த் தலைவன், ஆனதும் ஹியூகாக்களை மாற்றிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறான். அந்தத் தொடரில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

அப்புறம் என்ன நடந்தது? நெஜி போரில் மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போகிறான், செத்ததால் முத்திரை மறைகிறது. கடைசி அத்தியாயத்தில் நருட்டோ ஹொக்காகே ஆகிவிட்டான், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், ஆனால் கிளைக் குடும்பத்துக் குழந்தைகளின் நெற்றி என்ன ஆயிற்று என்று 700 அத்தியாயத்தில் ஓர் இடத்தில்கூடக் காட்டவில்லை. இடையில் நிலவு, கடவுளர், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சகோதரச் சண்டை என்று உலகம் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகிறது, போதாக்குறைக்கு யாருக்கும் வேண்டாத பிள்ளையாக இருந்து உழைத்து மேலே வந்த நருட்டோவே ஒரு புராதன வீரனின் மறுபிறவி என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படியானால் நெஜியோடு நடந்த அந்த வாதத்தில் ஜெயித்தது யார்? பிறப்புதான் எல்லாம் என்று சொன்ன நெஜிதானே! கதையுலகத்தை விரித்த விதமே கதையின் உயிரான வாதத்தைத் தோற்கடித்துவிட்டது. இதை நான் கோபமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தொடரை நான் நேசித்தேன்.

இதற்குக் காரணம் ஆசிரியரின் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. இந்தத் தொடர் வந்த ஷோனென் ஜம்ப் போன்ற ஜப்பானிய வார இதழில் ஒவ்வொரு வாரமும் இருபது பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரைந்து கொடுத்தே ஆக வேண்டும். வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த தொடர் எது என்று அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவார்கள், பிடிக்காத தொடர் சில மாதங்களிலேயே நிறுத்தப்படும். இந்த நெருக்கடியில் போன வருடம் ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்த வாக்கைவிட இந்த வாரக் கடைசிப் பக்கத்தின் திருப்பம்தான் முக்கியமாகிவிடுகிறது. டிராகன் பால் தொடரில் எதிரிக்கு மேல் எதிரி, பலத்துக்கு மேல் பலம் என்று ஏற்றிக்கொண்டே போனதில், ஆரம்பத்தில் நாயகன் கோக்குவுக்குச் சமமாக நின்று சண்டை போட்ட யாம்சாவும் டியென்ஷின்ஹானும் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பவர்களாகிவிட்டார்கள். ஏழு உருண்டைகளைச் சேர்த்தால் செத்தவர்களை எழுப்பிவிடலாம் என்ற வசதி வேறு. அமெரிக்காவிலும் இதே கதைதான், 1992இல் சூப்பர்மேனைக் கொன்றார்கள், செய்தித்தாள் எல்லாம் எழுதின, அடுத்த வருடமே திரும்பி வந்துவிட்டார். சாவு திரும்பப் பெறக்கூடிய ஒன்று என்று ஒருமுறை காட்டிவிட்டால், அப்புறம் அந்த உலகத்தில் யார் அழுதாலும் வாசகருக்குக் கண்ணீர் வராது.

நம் பழைய நண்பர் மாயாவிக்கு வருகிறேன். லீ ஃபாக் 1936இல் தொடங்கிய ஃபேண்டம், ராணி காமிக்ஸில் நமக்கெல்லாம் முகமூடி வீரர் மாயாவி. அப்பாவுக்குப் பின் மகன் என்று 21 தலைமுறையாக ஒரே முகமூடி, அதனால் அவருக்குச் சாவே இல்லை என்று காட்டு மக்கள் நம்புகிறார்கள், அந்த யோசனை இன்றும் எனக்குப் பிரமிப்பு. ஒவ்வொரு தலைமுறையும் எழுதி வைத்த குறிப்பேடுகள் மண்டையோட்டுக் குகையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன, ஆக மாயாவியின் குடும்பத்துக்கு மட்டும் அபாரமான ஞாபகம். ஆனால் அந்த நாடு? பங்கல்லா ஆரம்பத்தில் ஆசியாவில் இருந்தது, நம் பக்கத்துச் சாயல்கூட அதில் உண்டு, பிறகு ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்துவிட்டது. ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்கு ஒரு நாட்டையே தூக்கி வைத்தும் கதையில் எதுவும் குலையவில்லை என்றால், அங்கே வாழும் மக்களுக்குக் கதையில் என்ன கனம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காட்டில் வாழும் பந்தர் மக்கள் காவல் காக்கிறார்கள், முரசு அடிக்கிறார்கள், அவர்களுக்குள் எத்தனை தலைமுறைச் சரித்திரம் இருக்கும்? அதை எழுதி வைக்க எந்தக் குகையும் இல்லை. சின்ன வயதில் இது எனக்கு உறைக்கவில்லை, இப்போது படித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் உறுத்துகிறது.

ஏறக்குறைய அதே காலத்து இன்னொரு நாயகர், அமெரிக்க மேற்கில் உலவும் டெக்ஸ் வில்லர், லயன் வாசகர்களின் இரவுக்கழுகார், இத்தாலியில் 1948இல் பிறந்தவர். அவரிடமும் குறை உண்டு, வயது ஏறவே ஏறாது. ஆனால் நவஹோ என்ற அமெரிக்கப் பூர்வகுடிப் பெண்ணான மனைவி லிலித், அம்மை நோய்க் கிருமி தொற்றிய போர்வைகளால் இறந்துபோனார் என்ற ஒரு விஷயத்தை அந்தத் தொடர் கைவிடவில்லை. டெக்ஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை, மகன் கிட் கூடவே இருக்கிறான், நவஹோக்களோடு டெக்ஸுக்கு இருப்பது விருந்தாளி உறவாக இல்லாமல் குடும்ப உறவாக இருக்கிறது. ஒரே ஓர் இழப்பை ஒழுங்காக நினைவு வைத்ததால் அந்தப் பாலைவனத்துக்கே ஓர் எடை வந்துவிடுகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய எதிர்பார்ப்பும் இல்லை. 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் பொன்னியின் செல்வன் தொடராக வந்து முடிந்தபோது, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள், கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வாரா வாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு என்று அவர் ஏற்றுக்கொண்டார் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். நருட்டோவுக்கும் அப்படி ஒரு முடிவுரை இருந்திருக்கலாம்.

சரி, இதை ஒழுங்காகச் செய்த தொடர் ஏதாவது உண்டா என்றால், ஹிரோமு அரகாவாவின் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் உண்டு. 2001 முதல் 2010 வரை, 27 தொகுதிகள். அது மாத இதழில் வந்தது, யோசிக்க நேரம் கிடைத்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். இறந்துபோன அம்மாவை ரசவாதத்தால் உயிர்ப்பிக்கப் பார்க்கும் இரண்டு பிள்ளைகள், அண்ணனுக்கு ஒரு காலும் ஒரு கையும் போகின்றன, தம்பிக்கு உடம்பே போய்விடுகிறது, அம்மா வரவில்லை. எதைப் பெற வேண்டுமானாலும் அதற்கு ஈடான ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த உலகத்தின் விதி, அந்த விதியைக் கடைசிப் பக்கம்வரை அரகாவா தளர்த்தவில்லை. அந்த நாட்டின் வரைபடத்தைக் கவனியுங்கள், வட்டமாக இருக்கும். எல்லைகளில் நடந்த போர்களும் கலவரங்களும் தனித்தனி விபத்துகள் என்று நினைத்துக்கொண்டே படித்து வருவோம், பாதிக்கு மேல் போன பிறகுதான் அந்த இடங்களையெல்லாம் கோடு போட்டு இணைத்தால் நாடு முழுவதுமே ஒரு பெரிய ரசவாத வட்டம், மக்கள் அத்தனை பேரும் அதில் பலி என்று தெரியவரும். அந்த நாட்டிலேயே இருந்த இஷ்வால் என்ற இன மக்களைக் கொன்று குவித்ததும் அந்தக் கணக்கின் ஒரு பகுதி. ஆக வரைபடமும், அந்த மக்களின் காயமும் ஒன்றேதான். இதைத்தான் நான் உலகம் என்பேன்.

அந்தக் காயம் ஆட்களிடம் என்ன செய்கிறது என்பதற்கு அந்த அண்ணன் தம்பியின் சிறுவயதுத் தோழி வின்ரி போதும். அவளுடைய அப்பா அம்மா மருத்துவர்கள், போரில் இஷ்வால் மக்களுக்கு வைத்தியம் பார்த்தவர்கள். அவர்களைக் கொன்றவன், அவர்களிடமே சிகிச்சை பெற்ற ஓர் இஷ்வால்காரன், ஸ்கார். ஒருநாள் அவன் முன்னால் துப்பாக்கியோடு நிற்கிறாள், சுட முடியவில்லை. பல அத்தியாயம் கழித்து அவனுடைய காயத்துக்கு அவளே கட்டுப் போடுகிறாள், என் பெற்றோர் இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார்கள் என்பதற்காக, ஆனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்ல மாட்டாள். சமாதானம் என்ற பெயரில் எல்லாரையும் கட்டிப்பிடிக்க வைத்துவிடும் தொடர்களைப் படித்துச் சலித்தவர்களுக்கு அந்த ஒரு காட்சி பெரிய ஆறுதல். ஸ்காரும் தன் காரணத்தோடு, தன் குற்றத்தோடு, முழு மனிதனாக இருக்கிறான்.

நம் ஊரிலும் இந்தக் கேள்வியை வேறு விதமாகத் தொட்ட ஒரு புத்தகம் உண்டு. சோனி லியூவின் 'தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹாக் சாய்', 2015இல் வந்தது, 2017இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருதுகள் மூன்று பெற்றது. அது தொடர் இல்லை, ஆனால் வாழ்நாள் முழுக்கத் தொடர்கள் வரைந்த ஒரு கற்பனைச் சிங்கப்பூர் ஓவியரின் கதை. அந்தந்தக் காலத்து ஓவிய பாணியிலேயே அவருடைய காமிக்ஸ்களை வரைந்து காட்டுகிறார் லியூ, கூட்டாளி பிரிந்து போனது, அங்கீகாரம் கிடைக்காதது எல்லாம் அந்தப் படங்களுக்குள் சேர்ந்துகொண்டே வருகின்றன. ஊரின் வரலாற்றோடு சேர்த்து ஒரு மனிதரின் தோல்விகளையும் பத்திரமாக வைத்திருக்கும் புத்தகம். படிக்காதவர்கள் நூலகத்தில் எடுத்துப் படியுங்கள்.

கடைசியாக, இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒன் பீஸ், புதையல் தேடும் கடற்கொள்ளையர்களின் கதை. 1997இல் எய்ச்சிரோ ஓடா தொடங்கினார், நூறு தொகுதிகளைத் தாண்டிவிட்டது. அதில் எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு, நிகழ்காலத்தில் யாரையும் சாகவிட மனம் வராது. அலபாஸ்டா என்ற நாட்டில் ஊரையே அழிக்கும் குண்டைத் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் பறக்கும் பெல் என்ற வீரரின் தியாகத்தைப் பார்த்துக் கலங்கிப்போகிறோம், கொஞ்ச நேரத்தில் அவர் உயிரோடு நடந்து வருகிறார். அந்தத் தியாகத்தை அந்த ஒரு கட்டம் வீணாக்கிவிட்டது. ஆனாலும் ஞாபகத்தில் ஓடாவை மிஞ்ச ஆள் இல்லை. திரும்பி வருகிறோம் என்று சொல்லிப்போன கடற்கொள்ளையர்களுக்காக 50 வருடமாகக் காத்திருக்கும் லபூன் என்ற திமிங்கிலத்தை ஆரம்பக் காலத்திலேயே காட்டினார். பல வருடம் கழித்து, நூற்றுக்கணக்கான அத்தியாயம் தாண்டி, புரூக் என்ற எலும்புக்கூடு இசைக்கலைஞர் வந்தார், அவர்தான் அந்தக் கூட்டத்தில் மிச்சமிருந்தவர். புரூக்கின் தனிமையும் லபூனின் காத்திருப்பும் ஒரே கணத்தில் சேர்ந்தபோது அந்தக் கடல் எவ்வளவு பெரியது என்பது எனக்குப் புரிந்தது, எந்த வரைபடமும் அதைச் செய்திருக்க முடியாது.

இறுதிப் பகுதியை 2022இல் ஓடா தொடங்கிவிட்டார். எம்ஆர்டியில் பேசிக்கொள்ளும் பிள்ளைகள் அந்தப் புதையல் என்ன என்பதைத்தான் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஓடாவிடம் கேட்க இருப்பது வேறு: புரூக் லபூனைப் பார்க்கப் போகும் நாள் வரும்போது, அதற்கு ஓர் ஓரக் கட்டத்தை ஒதுக்குவாரா, ஒரு முழு அத்தியாயத்தையே கொடுப்பாரா? முழு அத்தியாயம் வேண்டும் என்பது என் கட்சி. உங்கள் வீட்டில் ஒன் பீஸ் படிக்கும் பிள்ளை இருந்தால் அவர்களிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.