ஆவாரை விதை ஏன் முளைக்க மாட்டேங்குது? விதையில இருந்து டீ வரைக்கும்

வணக்கங்க எல்லாருக்கும். காங்கேயம் பக்கம் எங்க கொரங்காட்டுல, அதாவது மாடு மேயற காட்டுல, நின்னு பேசிட்டிருக்கேன். பின்னாடி கிளுவை வேலி ஓரமா மஞ்சளாத் தெரியுது பாருங்க, அது பூராவும் ஆவாரை. மார்கழி வந்துட்டா இந்தக் காட்டுக்கு வேற அலங்காரமே வேண்டியதில்லை. காப்புக் கட்டறதுக்கு வேப்பிலை, பூளைப்பூவோட இதையும் சேத்துத்தான் கட்டுவோம்.

நெறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, "ஆவாரை விதை போட்டோம், ஒண்ணு கூட முளைக்கலை"ன்னு. அதுக்குத்தான் இந்த வீடியோ. அப்படியே டீ வரைக்கும் போயிடலாம்.

ரோட்டோரமே கெடக்குதே, எதுக்கு விதை போட்டு வளக்கணும்னு தோணும். ரோட்டோரப் பூவுல வண்டிப் பொகை, தூசி, பக்கத்துத் தோட்டத்துல அடிச்ச களைக்கொல்லி, எல்லாம் படியுதுங்க. அதைத்தான் கொதிக்க வெச்சுக் குடிக்கிறோம். அதைவிட எனக்கு வெசனம் என்னன்னா, ஆவாரம்பூ பவுடர், ஆவாரம்பூ டீன்னு யாவாரம் சூடு புடிச்சதுல இருந்து கெளையோட ஒடிச்சு மூட்டை கட்டறாங்க. பூ போனா காய் இல்லை, காய் போனா விதை இல்லை. எத்தனை வருசத்துக்குத் தாங்கும்? குடிக்கிற பூவை நாமளே வெச்சு வளத்துக்கறதுதான் நியாயம்னு நான் நெனைக்கிறேன்.

முதல்ல செடியைச் சரியாப் பாத்துக்கோங்க. மஞ்சளாப் பூக்கறதெல்லாம் ஆவாரை இல்லை. கேமராவைக் கொஞ்சம் கிட்ட கொண்டு வர்றேன். இந்த இலைக்காம்பு தண்டுல சேர்ற எடத்துல, அடியில ரெண்டு பக்கமும் வட்டமா, பெருசா, தண்டை ஒட்டி நிக்குது பாருங்க, இதுக்கு இலையடிச் செதில்னு பேரு. இவ்வளவு பெருசா, உதிராம நிக்கறது ஆவாரைக்கு நல்ல அடையாளம். இலைக்காம்புல ஜோடி ஜோடியா இலை இருக்கில்ல, ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவுல குட்டியா ஒரு முளை துருத்திட்டு நிக்கும். இந்த ரெண்டும் இருக்கான்னு பாத்துட்டு விதை எடுங்க. நிலாவாரைன்னு ஒண்ணு இருக்கு, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வெவசாயமாவே பண்றாங்க. அதோட இலை நல்லா பேதி ஆகறதுக்குக் குடுக்கற மருந்து. அதையும் இதையும் ஒண்ணுன்னு நெனச்சுராதீங்க.

இப்ப விதை. இது செடியிலேயே பழுத்துக் காஞ்ச காய். தட்டையா, பழுப்பு நெறத்துல இருக்கு, ஆட்டினா உள்ள கலகலங்குது. விதை இருக்கற எடமெல்லாம் மேடா தெரியுது பாருங்க. பிரிக்கும்போது ஒண்ணு கவனிங்க, சில விதையில ஊசி குத்துன அளவுக்கு உருண்டையா ஓட்டை இருக்கும். அது வண்டு உள்ள இருந்து தின்னுட்டு வெளிய வந்த வழி. அந்த விதையைத் தள்ளிடுங்க. மத்ததைத் தண்ணியில போட்டு மெதக்கறதையும் எடுத்துடுங்க.

மிச்சம் இருக்கறதெல்லாம் நல்ல விதைதான். ஆனா அப்படியே மண்ணுல போட்டா ரொம்பக் கொஞ்சந்தான் முளைக்கும். தோலு அவ்வளவு கெட்டி, தண்ணி உள்ள எறங்கவே எறங்காது. மானாவாரிக் காட்டுச் செடிங்க இது. கோடையில ஒரு மழை பேஞ்ச உடனே எல்லா விதையும் முளைச்சு, அடுத்த வாரம் வெயில்ல எல்லாம் கருகிட்டா வம்சமே போயிரும். அதனால கொஞ்சம் இந்த வருசம், கொஞ்சம் அடுத்த வருசம்னு மண்ணுக்குள்ளயே காத்துக் கெடக்கும். நமக்குச் சீக்கிரம் முளைக்கணும்னா அந்தத் தோலை நாமதான் தேய்ச்சு விடணும்.

இது சாதாரண உப்புத்தாள், ஹார்டுவேர் கடையில கெடைக்கும். விதையோட ஒரு முனை கொஞ்சம் கூரா இருக்கு பாருங்க, காயில ஒட்டியிருந்த பக்கம் இது. வேர் இந்த வழியாத்தான் வரும், இங்க தேய்க்கக் கூடாது. திருப்பிப் புடிச்சு, எதிர்ப்பக்கத்தை இப்படி ரெண்டு விரலால அழுத்தி மெதுவாத் தேய்ங்க. மினுமினுப்புப் போகும், அப்பறம் பழுப்புக்குள்ள லேசா வெளிறுன நெறம் தெரியும். அந்த எடத்துல நிறுத்திடணும். அதுக்கு மேல போனா பருப்பு அடிபடும். ஒவ்வொரு விதையா பண்ண நேரம் ஆகுங்க, உக்காந்து பொறுமையாப் பண்ணுங்க. ராத்திரி பூரா சாதாரணத் தண்ணியில ஊற விடுங்க. காலையில பாத்தா சரியாத் தேய்ஞ்ச விதை நல்லா உப்பி நிக்கும், தேயாதது போட்டபடியே கெடக்கும். உப்பாததை மறுபடி தேய்ச்சு ஊறப் போடுங்க.

நெறைய விதை இருந்தா சுடுதண்ணி வைத்தியம் இருக்கு. தண்ணி கொதிச்சதும் அடுப்பை அணைச்சுட்டு, எறக்கி வெச்சு, அதுல விதையைக் கொட்டி ஆற விடணும். அடுப்பு மேல வெச்சே கொதிக்க விட்டா விதை வெந்துரும். இதுலயும் முளைக்கும், ஆனா என் கணக்குல உப்புத்தாள்தான் நம்பகமானது.

செம்மண்ணு, மணல், மக்குன தொழு உரம் கலந்து, ஆழமான பையா எடுத்துக்கோங்க. விரல் நுனி ஆழத்துல விதையை வெச்சு மூடினாப் போதும். ஒரு வாரம், பத்து நாள்ல தலை காட்டும். நல்ல வெயில்ல வைங்க, மண்ணு காஞ்ச பொறகு தண்ணி ஊத்துங்க. நாற்று அழுகறதுக்குக் காரணமே அளவுக்கு மீறின தண்ணிதான். ஆணிவேர் வேகமாக் கீழ எறங்கும். அது பையோட அடியில சுருண்டுக்கறதுக்குள்ள நெலத்துக்கு மாத்திடணும். காடு இருக்கறவங்க புரட்டாசி, ஐப்பசி மழைக்கு முன்னாடி, ஊற வெச்ச விதையை நேரா வேலி ஓரத்துலயே ஊனிடுங்க, அதுதான் இந்தச் செடிக்குப் புடிச்ச முறை. மாடியில வளக்கறவங்களுக்குப் பெரிய டிரம் வேணும். நல்லா வந்துச்சுன்னா ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும்.

உரம் எதுவும் தேவைப்படாது. பயறு குடும்பம்தானே, மண்ணுக்குத் தழைச்சத்து புடிச்சுக் குடுக்கும்னு சிலர் சொல்றாங்க. ஆவாரை வேர்ல அந்த முடிச்சு இருக்காது. ஆனா தழையை அறுத்து வயல்ல போட்டு மிதிச்சா நல்ல உரம், அது பழைய வழக்கம். பட்டையையும் உரிச்சு அந்தக் காலத்துல தோல் பதனிடறதுக்கு அனுப்பினாங்க, அவ்வளவு துவர்ப்பு அதுல.

இலையில பச்சைப் புழு பாத்தா மருந்து அடிக்காதீங்க. வெளிர் பச்சையில, வெள்ளையில பறக்குதே பட்டாம்பூச்சி, அதோட குஞ்சு அது. நாலு இலை தின்னுட்டுப் போகட்டும், செடி மறுபடி துளிர்த்துக்கும். மருந்து அடிச்ச பூவைக் குடிக்க முடியாதில்லையா.

முதல் வருசம் ஒண்ணு ரெண்டு கொத்து வந்தாலும் பறிக்காதீங்க, செடி வேர் புடிக்கட்டும். ரெண்டாவது வருசத்துல இருந்து எடுக்கலாம்.

பேசாம ஒரு நிமிசம் இந்தக் கொத்தையே பாருங்க... வந்துடுச்சு, கருவண்டு. சத்தம் கேக்குதா? சாதாரணமா பறக்கும்போது வர்ற சத்தம் இல்லை இது. பூவைக் காலால கவ்விப் புடிச்சுட்டு ஒடம்பை அதிர வைக்குது. இந்தப் பூவுல தேன் கெடையாதுங்க. மகரந்தப் பை முழுசாத் தொறக்காது, நுனியில மட்டும் சின்னதாத் துவாரம். அந்த அதிர்வுலதான் மகரந்தம் வெளிய தெறிக்கும். கீழ நீளமா வளைஞ்சு நிக்குதே, அந்த மகரந்தத் தண்டுல இருந்து தெறிக்கறது வண்டோட ஒடம்புல ஒட்டி அடுத்த பூவுக்குப் போகும். இந்த வண்டு வரலைன்னா காய் புடிக்கறது கஷ்டம். அதனால நான் ஒரு செடியில கீழ்க் கொத்துகளை மட்டும் பறிப்பேன், மேல இருக்கறது வண்டுக்கும் விதைக்கும்.

காலையில பனி காஞ்சதும் பறிங்க. காம்பைக் கிள்ளிட்டு, ஒரு தட்டுல தட்டினா உள்ள இருக்கற பூச்சியெல்லாம் வெளிய வந்துடும். பருத்தித் துணியில நெழல்ல பரப்பி, கையில நொறுங்கற பதம் வர்ற வரைக்கும் காய விடுங்க. வெயில்ல போட்டா நெறம் வெளுத்துடும். கண்ணாடி பாட்டில்ல ஈரம் படாம வைங்க.

டீக்கு ஒரு டம்ளர் தண்ணி, காஞ்ச பூ ஒரு ஸ்பூன், பச்சைப் பூன்னா அஞ்சாறு. தட்டின சுக்கு ஒரு துளி. தண்ணி பொன்னெறமா மாறினதும் எறக்கிடுங்க, ரொம்பக் கொதிச்சா துவர்ப்பு நாக்கைப் புடிக்கும். பால் சேக்காம குடிங்க, அப்பத்தான் அதோட வாசனை தெரியும். இலங்கையிலயும் இதே பூவைத்தான் ரணவரான்னு டீ போட்டுக் குடிக்கிறாங்க.

சர்க்கரைக்காகக் குடிக்கிறவங்ககிட்ட கொஞ்சம் பேசணும். சித்தத்துல ஆவாரைக் குடிநீர்னு இருக்கறது ஆவாரையோட கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரைக்கிழங்கு, கோஷ்டம், மருதம்பட்டை சேந்த மருந்து. வைத்தியர் பாத்து அளவு சொல்லிக் குடுக்கணும். நம்ம பூ டீ அது இல்லை. பூவோட சாறு எலிகள்ல சர்க்கரையைக் கொறைச்சதா ஆய்வு இருக்கு, அதை வெச்சு உங்க மாத்திரையை நிறுத்திடாதீங்க. மாத்திரையோட தெனமும் குடிச்சா சர்க்கரை ரொம்ப எறங்கவும் வாய்ப்பு இருக்கு, டாக்டர்கிட்ட சொல்லிட்டுக் குடிங்க. வலிப்புக்கு கார்பமசெபின் சாப்பிடறவங்க இந்த டீ பக்கமே போகாதீங்க. 2004ல இலங்கை ஆய்வாளர்கள் வெளியிட்ட எலி ஆய்வுல, இந்த டீயோட குடுத்தப்ப அந்த மருந்தோட அளவு ரத்தத்துல ஏறியிருக்கு. மாசமா இருக்கறவங்களும் தவிர்த்துடுங்க. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ"ன்னு எங்க அம்மாயியும் சொல்லும், ஆனா அதே அம்மாயி வைத்தியர் குடுத்த மருந்தை ஒரு நாளும் விட்டதில்லை.

விதை வேணும்னு கேக்கறவங்களுக்கு, தை தாண்டி மாசி, பங்குனியில காய் காயும். உங்க ஊர்ல வேலியோரம் ஒரு செடி இருந்தாலே ரெண்டு கை விதை கெடைச்சுடும், மத்ததை அந்தச் செடியிலயே விட்டுடுங்க. இப்ப வெயில் ஏறுது, கூடையில இருக்கறதைக் கொண்டுபோய்க் காயப் போடறேன். வர்றேனுங்க.