ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுவிட்டது என்றா அர்த்தம்?

வணக்கம். வந்திருக்கும் கேள்விகளில் இதைத்தான் முதலில் எடுக்கிறேன். டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அப்பாவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் ஐ.எச்.டி., சி.சி.எஃப்., இ.எஃப். 35 சதவீதம் என்று இருந்ததாம். யாரும் விளக்கவில்லை. சி.சி.எஃப்., அதாவது ஹார்ட் ஃபெயிலியர், என்பதைத் தமிழில் தேடிப் பார்த்தால் 'இதயச் செயலிழப்பு' என்று வந்திருக்கிறது. வீட்டில் ஒரே அழுகை. "அப்பாவுக்கு மூன்று வியாதியா சிஸ்டர்? இதயத்தில் 65 சதவீதம் போய்விட்டதா? ஆனால் சோபாவில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறாரே!"

பார்க்கட்டும், தங்கச்சி. இதயம் நின்றுபோனவர் கிரிக்கெட் பார்க்க மாட்டார்.

எனக்கு அந்தத் தமிழ்ச் சொல் மேல்தான் கோபம். செயலிழப்பு என்றால் யாருக்கும் அடங்கிப்போனது என்றுதான் தோன்றும். ஹார்ட் ஃபெயிலியரில் இதயம் துடித்துக்கொண்டேதான் இருக்கிறது. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்துவிட்டது, அவ்வளவுதான். வார்டில் இருந்த காலத்தில் நான் 'இதயம் தளர்ந்திருக்கிறது' என்றுதான் சொல்வேன். லேசான விஷயம் என்று சொல்லவரவில்லை. ஆனால் தளர்ந்தது வேறு, நின்றது வேறு.

சரி, மூன்று வியாதியா? இல்லை, ஒரே கதைதான். ஐ.எச்.டி. என்பது இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கொழுப்பு படிந்து வழி குறுகிப்போவது. அதில் ஒரு குழாய் திடீரென்று முழுசாக அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. மாரடைப்பில் செத்த தசை தழும்பாகிவிடும், திரும்ப வளராது. மிச்சத் தசை பாரம் இழுத்து இழுத்துக் களைத்துப்போவதுதான் சி.சி.எஃப். முதல் எழுத்து கன்ஜெஸ்டிவ், அதாவது தேக்கம். என்3 சாலையில் வான் ரீனன் கணவாயில் ஒரு லாரி நின்றால் பின்னால் எவ்வளவு தூரம் வண்டிகள் தேங்கும், பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி, இடப்பக்கம் தள்ளவில்லை என்றால் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு வாங்கும். வலப்பக்கம் தள்ளவில்லை என்றால் கால் வீங்கும், வயிறு உப்பும்.

இதற்கு நம் தென்னாப்பிரிக்காவிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் உலகில் முதல் முறையாக ஒரு மனிதரின் இதயத்தை இன்னொருவருக்குப் பொருத்தினார். அந்த நோயாளி லூயிஸ் வாஷ்கான்ஸ்கி, மளிகைக் கடைக்காரர். மூன்று மாரடைப்பு வந்து, அதனால் இதயம் தளர்ந்தவர். புது இதயத்தோடு 18 நாள் இருந்தார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது நிமோனியா. அவருக்கு இருந்த நோய்க்கு இன்றைக்கு மாத்திரைகளே நிறைய இருக்கின்றன.

இப்போது அந்த 35. இது மெட்ரிக் மார்க் இல்லை! இடது கீழறை நிரம்பியிருக்கும்போது உள்ள ரத்தத்தில், ஒரு துடிப்பில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதுதான் இ.எஃப். யாருடைய இதயமும் முழுசாகக் காலியாகாது. நல்ல இதயமே 55 முதல் 70 வரைதான் தள்ளும். ஆகவே அப்பாவின் 35-ஐ அறுபதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நூறோடு வேண்டாம். சரியான மருந்தில் இந்த எண் ஏறவும் செய்யும். அடுத்த எக்கோவில் (இதய ஸ்கேனில்) எத்தனை என்று கேட்டுக் குறித்துவையுங்கள்.

சிலருக்கு 60 இருந்தும் மூச்சு வாங்கும். தசை விறைத்துப்போய் அறை சரியாக விரிந்து நிரம்பாததால் வருவது அது. பி.பி., சர்க்கரை உள்ள வயதான பெண்களிடம் நிறையப் பார்க்கலாம். அவர்களை 'சும்மா சொல்கிறார்' என்று விட்டுவிடாதீர்கள்.

மருந்துச் சீட்டில் எனலாப்ரில் இருந்தால் ஒரு விஷயம். அது பி.பி. மாத்திரை என்று நினைத்து, பி.பி. நார்மலானதும் நிறுத்திவிடுகிறார்கள். இங்கே அதைக் கொடுப்பது இதயத்தின் பாரத்தைக் குறைக்க. டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. வாட்டர் டேப்லட் தேங்கிய நீரை இறக்கும். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர். உடனே கிளினிக்குக்குச் சொல்லுங்கள். ராத்திரி ஒரு தலையணையில் படுத்தவர் மூன்று கேட்டாலும் அப்படியே.

உப்பு என்றால் எல்லாரும் ஊறுகாயைத்தான் பார்க்கிறார்கள். நான் ரொட்டியைச் சொல்வேன். ரொட்டியில் இவ்வளவு உப்புக்கு மேல் கூடாது என்று 2016 முதல் இங்கே சட்டமே இருக்கிறது. அப்படியிருந்தும் கால் ரொட்டி பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறி நிரப்பியது) முழுசாகச் சாப்பிட்டால் உப்புக் கணக்கு எங்கேயோ போய்விடும்.

அப்புறம், கார்டியாக் அரெஸ்ட். அதுதான் நிஜமாகவே இதயம் நிற்பது. ஆள் சரிந்து விழுவார், கூப்பிட்டால் பதில் இருக்காது, மூச்சு சரியாக வராது. 10177, அல்லது கைப்பேசியிலிருந்து 112. ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மாரடைப்பில் பெரும்பாலும் ஆள் நினைவோடு, வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதற்கும் அதே எண்தான்.

அடுத்தது பீனிக்ஸிலிருந்து ஒரு அண்ணன். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர், கீரையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்.