ரேஷன் சீட்டும் லகோட்டா மக்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் புல்வெளிப் பழங்குடியினரான லகோட்டா மக்கள் என்றதும் குதிரையும் துப்பாக்கியும்தான் நம் நினைவுக்கு வரும். 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படையை முறியடித்தார்கள். 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ ஓடைக்கரையில் அமெரிக்க ராணுவம் அவர்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் சுட்டுத் தள்ளியது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பதினான்கு ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அவர்களை வெள்ளைக்காரர்களைப் போல மாற்றும் வேலை மும்முரமாக நடந்தது அப்போதுதான். அதைச் சோற்றைக் காட்டியே செய்தார்கள்.

1868-ல் லாரமி கோட்டையில் அமெரிக்க அரசோடு லகோட்டாக்களுக்கு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அதன்படி, வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திடாமல் அவர்கள் நிலத்தில் ஒரு துண்டைக்கூட எடுக்க முடியாது. 1874-ல் அந்த நிலத்திலிருந்த பிளாக் ஹில்ஸ் குன்றுகளில் தங்கம் தென்பட்டது. அவர்கள் உணவுக்கு நம்பியிருந்த காட்டெருமைகளோ அருகிக்கொண்டே வந்தன. 1876 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் கறாராகச் சொல்லிவிட்டது: குன்றுகளை விட்டுக்கொடு, இல்லாவிட்டால் உணவுக்குப் பணம் ஒதுக்க மாட்டோம். அப்படியும் கையெழுத்திட்டவர்கள் பத்தில் ஒரு பங்கினர்தான். அதை வைத்துக்கொண்டே 1877-ல் சட்டம் போட்டுவிட்டார்கள்.

அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஒரு நாள் ரேஷன் பங்கு தலைக்கு ஒன்றரை பவுண்டு மாட்டிறைச்சி, அதாவது ஏறத்தாழ 680 கிராம். அரை பவுண்டு மாவு, அரை பவுண்டு மக்காச்சோளம். நூறு பங்குக்கு நான்கு பவுண்டு காப்பி, எட்டு பவுண்டு சர்க்கரை, மூன்று பவுண்டு பீன்ஸ். தாராளமாகத்தான் தெரிகிறது. கொக்கி அடுத்த வரிகளில் இருக்கிறது. அரசு பள்ளி அமைத்துவிட்டால், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போனால்தான் அதற்குப் பங்கு. சாகுபடிக்கு ஏற்ற நிலத்தில் குடியமர்த்திவிட்டால், உழைக்கிறவர் குடும்பத்துக்கு மட்டுமே பங்கு. கொடுப்பதும் தனித்தனிக் குடும்பத் தலைவர் கையில்தான். இது சாதாரண நிர்வாக விதி போலத் தெரியலாம். ஆனால் லகோட்டாக்கள் தியோஷ்பாயே என்னும் பெரிய உறவுக்கூட்டமாக வாழ்ந்தவர்கள். வந்ததைப் பகிர்ந்து கொடுப்பதால்தான் அங்கே ஒருவர் தலைவர். பகிரும் வேலையை அவரிடமிருந்து பறித்துவிட்டால் தலைமை தானாகக் கரைந்துவிடும்.

1883-ல் இன்னொரு விதித்தொகுப்பு வந்தது. அவர்களின் முக்கியச் சமயச் சடங்கான சூரிய நடனம் ஆடினால் முதல் முறை பத்து நாள் வரை ரேஷன் நிறுத்தம். மறுபடி ஆடினால் 15 முதல் 30 நாள் நிறுத்தம், அல்லது 30 நாள் வரை சிறை.

ரேஷனாகக் கொடுத்த மாட்டையும் விட்டுவைக்கவில்லை. ஆரம்பத்தில் மாடுகளை உயிரோடு பட்டியிலிருந்து திறந்துவிடுவார்கள். ஆண்கள் குதிரையேறித் துரத்தி, காட்டெருமையை வேட்டையாடுவது போலவே வீழ்த்துவார்கள். பெண்கள் அங்கேயே அறுத்துப் பங்கிடுவார்கள். 1890-ல் பழங்குடி விவகார ஆணையர் மார்கன் இதற்குத் தடை போட்டார். கொட்டகையில்தான் அறுக்க வேண்டும், பெண்கள் பக்கத்தில் வரக்கூடாது, இரத்தமும் குடலும் தின்னக்கூடாது என்றார். அளவிலும் குறைதான். இலையுதிர் காலத்தில் எடைபோட்டு வாங்கிய மாடு பனிக்காலத்தில் இளைத்துவிடும். கணக்கில் மட்டும் பழைய எடையே நிற்கும். 1889-ல் நிலத்தை, பழங்குடியினருக்கென ஒதுக்கிய ஆறு காப்பகங்களாகத் துண்டாடக் கையெழுத்து வாங்கிய கையோடு மாட்டிறைச்சி ஒதுக்கீட்டையும் வெட்டினார்கள். ரோஸ்பட் காப்பகத்தில் இருபது லட்சம் பவுண்டு, பைன் ரிட்ஜ் காப்பகத்தில் பத்து லட்சம் பவுண்டு. உழுது பிழைக்கலாம் என்றால், மழை குறைந்த அந்தப் புல்வெளியில் வறட்சி வேறு. பசியோடு இருந்தவர்களிடம், இறந்த முன்னோரும் காட்டெருமைகளும் திரும்பி வருவார்கள் என்று நம்பிய ஆவி நடனம் என்னும் சமய இயக்கம் வேகமாகப் பரவியதில் வியப்பில்லை.

பிள்ளைகளின் கதை தனி. 1879 அக்டோபரில் ரோஸ்பட், பைன் ரிட்ஜ் பிள்ளைகள் எண்பது பேருக்கு மேல், ஆயிரம் மைலுக்கு அப்பால் பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அது பழைய ராணுவக் குடியிருப்பு. முடியை வெட்டினார்கள். கரும்பலகையில் ஆங்கிலப் பெயர்களை எழுதி, கையில் குச்சியைக் கொடுத்து ஒன்றைத் தொடச் சொன்னார்கள். தொட்டது என்னவென்று பிள்ளைக்குத் தெரியாது. அதுவே அவன் பெயர். பின்னாளில் எழுத்தாளரான லூதர் ஸ்டாண்டிங் பேர் (Luther Standing Bear) என்பவருக்கு லூதர் என்ற பெயர் வந்தது இப்படித்தான். அடுத்த ஆண்டு ரோஸ்பட் தலைவர் ஸ்பாட்டட் டெயில் நேரில் போய்ப் பார்த்தார். பிள்ளைகள் சீருடையில் அணிவகுப்பதைக் கண்டு கொதித்து, தம் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டே ஊர் வந்தார். எல்லாப் பெற்றோருக்கும் அது வாய்க்கவில்லை. கார்லைலில் இறந்து அங்கேயே புதைக்கப்பட்ட ரோஸ்பட் பிள்ளைகள் ஒன்பது பேரின் எச்சங்கள் 2021 ஜூலையில்தான் வீடு திரும்பின. அதற்காக வருடக்கணக்கில் விடாமல் நின்றவர்கள் அதே ரோஸ்பட்டின் இளைஞர்கள்.

எதிர்ப்பு பெரும்பாலும் ஆயுதம் ஏந்தி வரவில்லை. சூரிய நடனத்துக்குத் தடை, ஜூலை 4 சுதந்திர தினக் கொண்டாட்டத்துக்கு அனுமதி. இரண்டுமே கோடையில். ஆகவே ஜூலை 4 அன்று ஊர் கூடியது, ஆட்டமும் பாட்டும் நடந்தன, பரிசுகள் கைமாறின. அதிகாரி என்னவென்று தடுப்பார்? லகோட்டாக்களின் மணிவேலைப்பாட்டில் அமெரிக்கக் கொடி அடிக்கடி வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள். சூரிய நடனம் மறைவில் தொடர்ந்தது. பழங்குடிச் சமயங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு 1978-ல்தான் கிடைத்தது.

பிளாக் ஹில்ஸ் குன்றுகளைப் பற்றிய தகராறு நூற்றாண்டைத் தாண்டியது. 1980-ல் உச்ச நீதிமன்றம், நிலத்துக்கு ஒரு கோடியே 71 லட்சம் டாலர், 1877 முதல் ஆண்டுக்கு ஐந்து சதவீத வட்டி என்று அரசு கொடுக்க வேண்டிய இழப்பீட்டை உறுதிசெய்தது. இன்று அந்தத் தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பைன் ரிட்ஜ் இருக்கும் மாவட்டம் அமெரிக்காவின் மிக ஏழ்மையான மாவட்டங்களில் ஒன்று. ஆனாலும் அந்தப் பணத்தை அவர்கள் இதுவரை தொடவில்லை, கேட்பது குன்றுகளைத்தான்.

வணக்கம்.