கறுப்புத் தோட்டத்தின் அரசும் குடிகளும்

வணக்கம், நேயர்களே. உலக வரைபடத்தில் தனி நிறம் பெறாமலே முப்பத்திரண்டு ஆண்டுகள் இயங்கிவிட்டு, 2024 ஜனவரி 1-ஆம் நாளோடு தான் இல்லாது போவதாகத் தானே ஆணை எழுதிக்கொண்ட ஓர் அரசைப் பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். செய்திகளில் நாகோர்னோ-கராபாக் என்று கேட்டிருப்பீர்கள். அங்கே வாழ்ந்த ஆர்மீனியர்கள் ஆர்ட்சாக் என்பார்கள். 'நாகோர்னோ' என்றால் ரஷ்ய மொழியில் மலைப்பாங்கானது. 'கரா' துருக்கிய மொழியில் கறுப்பு. 'பாக்' பாரசீகத்தில் தோட்டம். பெயரிலேயே மூன்று மொழிகள் கலந்து கிடக்கும் அந்த மண்ணை ஒரே மொழிக்கு உரியதாக்கிவிட ஆர்மீனியர், அசர்பைஜானியர் என்ற இரு தரப்பும் முயன்றன. இரு தரப்புக்கும் வெவ்வேறு காலத்தில் அது கைகூடியது. அந்த அரசின் கதையை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

1923-இல் சோவியத் ஆட்சி, ஏறத்தாழ 4,400 சதுர கிலோமீட்டர் கொண்ட அந்த மலைநாட்டை அசர்பைஜான் குடியரசுக்குள் ஒரு தன்னாட்சி வட்டாரமாக அமைத்தது. 1989 கணக்கெடுப்பின்போது அங்கே சுமார் 1,89,000 பேர் இருந்தார்கள். நான்கில் மூன்று பங்குக்குச் சற்று அதிகமானோர் ஆர்மீனியர். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் அசர்பைஜானியர். 1988 பிப்ரவரி 20 அன்று வட்டார சோவியத் என்ற உள்ளூர் மன்றம் கூடி, தங்களை ஆர்மீனியாவோடு சேர்க்கும்படி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு வாரத்திற்குள், அசர்பைஜான் தலைநகர் பாகுவுக்கு அருகிலுள்ள சும்காயித் நகரில் ஆர்மீனியர்கள் வீடு புகுந்து கொல்லப்பட்டார்கள். அதன்பின் அசர்பைஜானின் நகரங்களிலிருந்து ஆர்மீனியர்களும், ஆர்மீனியாவின் கிராமங்களிலிருந்து அசர்பைஜானியர்களும் மூட்டை கட்டினார்கள். இரு பக்கமும் அகதிகள் வந்து இறங்கினார்கள். ஒவ்வோர் அகதியும் ஒரு வெறுப்புக்குச் சாட்சியாக வந்தார்.

1991 செப்டம்பர் 2 அன்று குடியரசு அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 10 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. அசர்பைஜானியர்கள் அதைப் புறக்கணித்தார்கள். ஆகவே அந்த அரசின் பிறப்புச் சீட்டிலேயே, தன் மண்ணில் பிறந்தோரில் ஐந்தில் ஒரு பங்கினரின் கையெழுத்து இல்லை. தொடர்ந்த போரில், 1992 பிப்ரவரியில், கோஜாலியிலிருந்து தப்பி ஓடிய நூற்றுக்கணக்கான அசர்பைஜானிய மக்கள் கொல்லப்பட்டார்கள். மே மாதம் ஷுஷி விழுந்தது. 1994 மே மாதம் போர் நின்றபோது, பழைய தன்னாட்சி வட்டாரத்தின் பெரும்பகுதி மட்டுமல்லாமல், அதைச் சுற்றியிருந்த ஏழு மாவட்டங்கள் முழுவதுமாகவோ பகுதியாகவோ ஆர்மீனியப் படைகளின் கையில் இருந்தன. அந்த மாவட்டங்களைச் சேர்ந்த பல லட்சம் அசர்பைஜானியர்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக வீடு திரும்பவில்லை. அக்தாம் நகரம் கூரை, கதவு, சன்னல் சட்டம் என ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்கப்பட்டு, மசூதி மட்டும் எஞ்சி நிற்க, கற்குவியலாகக் கிடந்தது. ஆர்ட்சாக் மக்கள் பட்ட துயரத்தைப் பேசும்போது இதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இப்போது அந்த அரசுக்கு வருகிறேன். அது வெறும் பெயர்ப்பலகை என்று எண்ணிவிடக் கூடாது. தலைநகர் ஸ்டெபானகெர்ட்டில் 33 உறுப்பினர் கொண்ட தேசியப் பேரவை இருந்தது. குடியரசுத் தலைவர், நீதிமன்றங்கள், பல்கலைக்கழகம் எல்லாம் இருந்தன. 2006-இல் ஓர் அரசியலமைப்பு, 2017-இல் பிரதமர் பதவியை நீக்கிக் குடியரசுத் தலைவருக்கே நிர்வாகத்தைத் தந்த இன்னோர் அரசியலமைப்பு என இரண்டையும் மக்கள் வாக்களித்து ஏற்றார்கள். போரில் வென்ற தளபதி அரசின் மேல் ஏறி அமரும் ஆபத்தும் அங்கே வந்தது. பாதுகாப்பு அமைச்சராக இருந்து பதவி இழந்த சம்வெல் பாபாயன், 2000-இல் குடியரசுத் தலைவர் அர்காதி குகாஸ்யானைச் சுட்டுக் கொல்ல முயன்ற வழக்கில் தண்டனை பெற்றார். குகாஸ்யான் உயிர் பிழைத்துத் தன் பதவிக்காலத்தை முடித்து, 2007-இல் பாகோ சஹாக்யானிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அங்கீகாரம் பெற்ற எத்தனையோ நாடுகளில் இவ்வளவு அமைதியாக ஆட்சி கைமாறுவதில்லை.

ஆனால் அதன் எலும்பு வேறிடத்திலிருந்து வந்தது. கையில் புழங்கியது ஆர்மீனிய டிராம். வரவுசெலவுத் திட்டத்தின் பெரும்பங்கை ஆர்மீனியா ஆண்டுதோறும் கடன் என்ற பெயரில் கொடுத்தது. பயணத்திற்கு ஆர்மீனியக் கடவுச்சீட்டு. இத்தனையும் கொடுத்த ஆர்மீனியாகூட அதை ஒரு நாடாக அங்கீகரிக்கவே இல்லை. வேடிக்கை பார்த்த உலகம் வேறு, தோள் கொடுத்த சொந்தம் வேறு என்றாலும், தாளில் இரண்டும் ஒரே விடையைத்தான் எழுதி வைத்திருந்தன. ஸ்டெபானகெர்ட் விமான நிலையம் புதிதாகக் கட்டப்பட்டது. பயணிகள் விமானம் ஒன்றுகூட அங்கே வந்து இறங்கவில்லை.

மாவட்டங்களுக்குக் கீழே 'ஹமாய்ன்க்' எனப்படும் ஊர்ச் சமூகங்கள் இருந்தன. ஊர்த் தலைவரையும் மன்றத்தையும் மக்களே தேர்ந்தெடுத்தார்கள். என் பார்வையில் அரசு உண்மையாக வாழ்ந்தது இந்த ஊர்களில்தான். பள்ளிக்கூடத்துக்கு விறகு, தண்ணீர்க் குழாய், போரில் மகனை இழந்த வீட்டுக்கு உதவித்தொகை என்று எல்லாம் அங்கே வந்து நின்றது. வசந்த காலத்தில் பெண்கள் மலைச்சரிவில் கீரை பறிப்பார்கள். பத்துக்கும் மேற்பட்ட வகைக் கீரைகளைப் பொடியாக நறுக்கி, மெல்லியதாகத் தேய்த்த மாவுக்குள் கை நிறைய அள்ளி வைத்து, ஓரங்களை விரல்களால் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தட்டையாக்கி, காய்ந்த இரும்புத் தட்டில் எண்ணெய் விடாமல் வாட்டி எடுப்பார்கள். ஜிங்யாலோவ் ஹாட்ஸ் என்ற அந்த ரொட்டி கராபாக்கின் அடையாளம். ஊர்கள் ஆளின்றி மெலிந்துவிடுமோ என்ற கவலையும் கூடவே இருந்தது. 2008-இல் கராபாக்கைச் சேர்ந்த ஒரு செல்வந்தர் ஏறத்தாழ 700 இணைகளுக்கு ஒரே நேரத்தில் திருமணம் செய்துவைத்தார்; கிராமத்து இணைகளுக்குப் பணத்தோடு பசுவும் கொடுத்தார்கள்.

அதே வேளையில், கைப்பற்றிய லாச்சினுக்கு பெர்ட்சோர் என்றும் கெல்பஜாருக்கு கர்வச்சார் என்றும் பெயர் மாற்றிக் குடியேற்றமும் நடந்தது. விரட்டப்பட்ட அசர்பைஜானியருக்குப் பேரவையில் ஓர் இருக்கையேனும் காலியாக வைக்க வேண்டும் என்று அந்த அரசுக்குத் தோன்றவில்லை. ஷுஷி இரு இனத்தாருக்கும் உயிரான ஊர். 1920-இல் அதன் ஆர்மீனியப் பகுதி எரிக்கப்பட்டது; அதே ஊர்தான் அசர்பைஜானிய இசைமேதை உசெயிர் ஹாஜிபெயோவ் வளர்ந்த இடம். அந்த ஊரை வைத்தேனும் ஒரு பேச்சைத் தொடங்கியிருக்கலாம். வென்றிருந்த காலத்தில் விட்டுக்கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. தோற்ற பின்னர் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

2020 செப்டம்பர் 27 அன்று அசர்பைஜான் தொடங்கிய போர் 44 நாள் நடந்தது. ஷுஷியும் ஹட்ருத்தும் கைவிட்டுப் போயின. எஞ்சிய பகுதியையும் ஆர்மீனியாவையும் இணைத்தது லாச்சின் பாதை ஒன்றே. 1,960 ரஷ்ய அமைதிப் படையினர் அதைக் காப்பதாக ஒப்பந்தம். 2022 டிசம்பர் 12 முதல் அந்தப் பாதை அடைபட்டது. அரிசி, பாஸ்தா, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் கூப்பனுக்கு வந்தன. 2023 கோடையில் ரொட்டிக் கடை முன்னே இரவிலேயே வரிசை நின்றது; கடைசியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் ரொட்டி. வண்டிக்கு எரிபொருள் இல்லாததால், தோட்டத்தில் விளைந்த காயைக்கூட நகரத்துக்குக் கொண்டு வர முடியவில்லை. பட்டினியில் கிடந்த ஸ்டெபானகெர்ட்டில்தான், செப்டம்பர் 9 அன்று, பேரவை கூடிச் சம்வெல் ஷஹ்ரமான்யானைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

அதிலிருந்து பத்தாம் நாள், செப்டம்பர் 19 அன்று, அசர்பைஜானின் பீரங்கிகள் முழங்கின. மறுநாள் நண்பகலுக்குள் ஆர்ட்சாக் படை ஆயுதங்களைக் கீழே வைக்க இசைந்தது. அடுத்த சில நாள்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர், ஏறக்குறைய எஞ்சியிருந்த மக்கள் அனைவரும், அந்த ஒற்றை மலைப்பாதையில் இறங்கினார்கள். சில மணி நேரத்தில் கடக்கக்கூடிய தூரம். ஒன்றரை நாள், இரண்டு நாள் என்று வண்டிகள் ஊர்ந்தன. பலர் புறப்படுமுன் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் விடைபெற்றார்கள். செப்டம்பர் 25 அன்று, புறப்படுவதற்காகப் பெட்ரோல் வாங்க வரிசையில் நின்றிருந்தபோது கிடங்கு வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

செப்டம்பர் 28 அன்று ஷஹ்ரமான்யான் கையெழுத்திட்ட ஆணை மிகச் சிறியது. எல்லா அரசு நிறுவனங்களும் ஜனவரி 1-க்குள் கலைக்கப்படும் என்றது முதல் பிரிவு. அசர்பைஜான் முன்வைக்கும் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்து, தங்குவதா திரும்புவதா என்று மக்கள் தனித்தனியே முடிவெடுத்துக்கொள்ளட்டும் என்றது இரண்டாம் பிரிவு. அதை எழுதும்போதே அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் எல்லையைத் தாண்டியிருந்தார்கள். ஹாருத்யுன்யான், சஹாக்யான், குகாஸ்யான் என முன்னாள் தலைவர்கள் மூவரும் கைதாகி பாகுவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். 2024-இல் பேரவைக் கட்டடம் இடிக்கப்பட்டது. ஸ்டெபானகெர்ட் இன்று கான்கெந்தி. ஷுஷா என்று தாங்கள் அழைக்கும் ஷுஷிக்கு, முப்பதாண்டுக்கு முன் விரட்டப்பட்ட அசர்பைஜானியக் குடும்பங்கள் திரும்புகின்றன. திரும்புவது அவர்களின் உரிமை. ஆர்மீனியருக்கும் அதே உரிமை உண்டு. அதை நம்பிக்கையோடு பயன்படுத்தும் நிலைமை அங்கே இல்லை.

ஆர்மீனியாவுக்கு வந்து சேர்ந்தவர்களின் கடவுச்சீட்டில் 070 என்ற குறியீட்டு எண் இருக்கும். தாங்கள் ஆர்மீனியக் குடிமக்கள் என்றே அவர்களில் பலர் அதுவரை நம்பியிருந்தார்கள். அந்தச் சீட்டு வெளியூர்ப் பயணத்துக்கு மட்டுமே, குடியுரிமைக்குச் சான்றல்ல என்று ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில் சொல்லப்பட்டது. தற்காலிகப் பாதுகாப்புப் பெற்ற அகதி என்ற தகுதி அவர்களுக்கு வழங்கப்பட்டது. குடியுரிமை வேண்டுவோர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் பிறந்த ஊர் என்ற இடத்தில் ஸ்டெபானகெர்ட் என்றும், மார்த்தாகெர்ட் என்றும், ஹட்ருத் என்றும் அவர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.