அண்ணாந்து பார்க்கும் கழுத்துகளுக்காக

எல்லோருக்கும் வணக்கம்.

ராமநாதபுரம் அரண்மனையில் இருக்கிற ராமலிங்க விலாசம் மண்டபத்து ஓவியங்களை நம்மில் எத்தனை பேர் நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறோம்? முந்நூறு ஆண்டுக்கு முந்தைய ஓவியங்கள் அவை. ராமாயணக் காட்சிகள் உண்டு. தஞ்சை மராட்டியரோடு ராமநாதபுரம் மன்னர் சேதுபதி நடத்திய போர் உண்டு. ராஜராஜேஸ்வரி அம்மன் கையிலிருந்து மன்னர் செங்கோல் வாங்குகிறார். சுவர் போதாமல் விதானம் வரைக்கும் தீட்டியிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் கை பிடரிக்குப் போய்விடும். இது யாருடைய குறையும் இல்லை, மேலே வரைந்ததை அப்படித்தான் பார்க்க முடியும். ஆனால் கீழே ஒரு சாய்வு பெஞ்சும், தரையில் ஒரு கண்ணாடியும் வைத்தால்? அதே மனிதர் அரை மணி நேரம் இருப்பார்.

1916ஆம் ஆண்டிலேயே பாஸ்டன் நகரத்து அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன் இதைக் காட்டிவிட்டார். ஒருவரைப் பேழைகளுக்குள் இருப்பதைப் பார்க்கச் சொல்லி, அவர் குனிவதையும் குந்துவதையும் எக்குவதையும் புகைப்படம் எடுத்தார். 'அருங்காட்சியகக் களைப்பு' என்று அதற்குப் பெயர் சொன்னார். பொருளை வைத்த விதம்தான் ஆளைக் களைக்க வைக்கிறது என்பது அவர் வாதம்.

புதுப்பித்தால் கூட்டம் வரும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தைப் பத்து ஆண்டு வேலைக்குப் பிறகு 2013 ஏப்ரலில் முழுசாகத் திறந்தார்கள். அந்த ஒரே ஆண்டில் 20 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். சரி, புதுசு என்பதற்காக முதல் ஆண்டு எல்லோரும் வருவோம். வந்தவர் இரண்டாம் முறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறாரா? டிக்கெட் கணக்கு அதைச் சொல்லாது. வாசலில் நின்று கேட்க வேண்டும்: எழுத்து படிக்க முடிந்ததா, உட்கார இடம் இருந்ததா, வீட்டுக்குப் போய் எதைப் பற்றிப் பேசுவீர்கள்?

ராமநாதபுரத்தில் 'நாவாய்', அதாவது கப்பல் என்ற பெயரில், ஒரு அருங்காட்சியகம் அமைப்பதாக 2025ஆம் ஆண்டு தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதனால்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன். வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், அழகன்குளத்தில், கப்பல் கீறிய பானை ஓடு ஒன்று கிடைத்தது. அதை அந்த அருங்காட்சியகத்தில் வைத்தால் எந்த உயரத்தில் வைப்பார்கள்? பாம்பனிலிருந்து வரும் ஒரு மீனவர் குனியாமல் பார்க்கிற உயரத்தில் வையுங்கள். பக்கத்தில் நாலே வரி, பெரிய எழுத்தில். அப்புறம் அவரையே கேளுங்கள், இந்தக் கப்பலின் பாய்மரம் எந்தக் காற்றுக்குக் கட்டியது என்று.