ஆயர் வருகிறார் என்றார்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சில வருடங்களுக்கு முன்னால் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். நாங்கள் கத்தோலிக்கர்கள். மாப்பிள்ளை வீட்டார் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரர்கள். அவர்கள் அச்சடித்த வரவேற்பு அழைப்பிதழில் 'ஆயர் அவர்கள் ஜெபித்துத் தொடங்கி வைப்பார்' என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்த எங்கள் அத்தை, பிஷப்பே வருகிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். மேடையில் பெரிய நாற்காலி போட்டாயிற்று, பொன்னாடை வாங்கியாயிற்று, முத்துக்குடைக்கும் ஆள் சொல்லியாயிற்று. வந்து இறங்கியவர் மாப்பிள்ளை ஊர்ச் சபையின் இளம் போதகர், மோட்டார் சைக்கிளில். குடையைப் பார்த்ததும் தனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று அவரே திரும்பிப் பார்த்தார்.

அத்தை மேல் தப்பில்லை. கத்தோலிக்கர்களுக்கு ஆயர் என்றால் பிஷப், ஒரு மறைமாவட்டத்துக்கே தலைவர். சி.எஸ்.ஐ. காரர்களுக்கு ஆயர் என்றால் சபையைக் கவனிக்கும் போதகர். அவர்களுடைய பிஷப் 'பேராயர்'. சரி, கத்தோலிக்கரிடம் போய்ப் பேராயர் என்று சொன்னால்? ஆர்ச்பிஷப் என்று எடுத்துக்கொள்வார். ஒரே சொல், சாலைக்கு அந்தப் பக்கம் போனால் ஒரு படி ஏறிவிடுகிறது.

இந்தக் குழப்பம் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கொஞ்சம் கூடுதல். 2011 கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 46 பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். கத்தோலிக்க ஆயர் இல்லங்களே நான்கு. கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல் கொல்லத்திலிருந்து பிரிந்தது. மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956-இல்தான். அதற்கு 26 வருடம் முன்பே திருச்சபை இங்கே கோடு கிழித்துவிட்டது. கோட்டாற்றிலிருந்து 2014-இல் குழித்துறை பிரிந்தது. இந்த இரண்டும் இலத்தீன் வழிபாட்டு முறை. தக்கலையில் சீரோ மலபார், மார்த்தாண்டத்தில் சீரோ மலங்கரை, சிரிய வழிபாட்டு மரபுகள், இரண்டும் 1996-இல் வந்தவை. நான்கு ஆயர்களுக்கும் ஒரே பாப்பரசர். வழிபாடும் உடையும் வேறு. கிழக்கே கடற்கரையில் குருவானவரை "தோத்திரம் சாமி" என்று கும்பிடுகிறவர், மேற்கே விளவங்கோட்டுப் பக்கம் போனால் "அச்சன் இருக்காரா?" என்று கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

நம் பாட்டிமார் பிஷப்பை 'மேற்றிராணியார்' என்பார்கள். மலையாளத்தின் 'மெத்ரான்' இதற்கு உடன்பிறப்பு, சிரிய மொழி வழியாக வந்தது. வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு என்ன சொல்கிறது தெரியுமா? 'கண்காணி'! பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது கண்காணிகளுக்கும் உதவிக்காரருக்கும் வாழ்த்துச் சொல்கிறார். கிரேக்கத்தில் 'எபிஸ்கோபோஸ்', மேற்பார்வை பார்க்கிறவர். மொழிபெயர்ப்பில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களை வேலை வாங்கிய கண்காணியைப் பற்றிக் கேள்விப்பட்ட ஊரில், பிஷப்பைப் போய்க் கண்காணி என்று யார் கூப்பிடுவார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கதை சி.எஸ்.ஐ. பேராயர் பதவி வந்த கதைதான். லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டன்ட் மிஷனரிச் சங்கத்தின் சார்பில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806-இல் நம் மாவட்டத்து மயிலாடிக்கு வந்தார். அந்த மிஷன் வளர்த்த சபைகளில் பிஷப் என்று ஒருவர் கிடையாது. சபை தன்னைத் தானே ஆளும் என்பது அவர்கள் கொள்கை. மிஷனரியை ஜனங்கள் 'ஐயர்' என்று கூப்பிட்டார்கள், மீட் ஐயர் என்பது போல. ஊர் ஊராக ஜெபம் நடத்தி, நோயாளியைப் பார்த்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்கள் உபதேசிமார். இப்படியே 140 வருடம் ஓடியது.

இடையில், 1919-இல் தரங்கம்பாடியில் சில போதகர்கள் கூடி, சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அதில் முன்னால் நின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, ஆங்கிலிக்கன் சபையின் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது) முதல் இந்திய பிஷப். பேச்சு நடந்தது 28 வருடம்! பெரிய முட்டுக்கட்டை இந்த பிஷப் பதவிதான். பிஷப் கை வைத்து அபிஷேகம் செய்தவரே குரு என்றது ஆங்கிலிக்கன் தரப்பு. அப்படியானால் இத்தனை வருடம் எங்கள் ஐயர்மார் கொடுத்த திருவிருந்து என்ன கணக்கு என்று பிஷப் இல்லாத சபைகளின் தரப்பு கேட்டது. நியாயமான கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது, நான் கத்தோலிக்கனாக இருந்தும். கடைசியில் நடுவழி கண்டார்கள்: ஏற்கெனவே போதகராக இருப்பவர்களுக்கு மறுபடி அபிஷேகம் வேண்டாம், இனி வருகிறவர்களுக்கு பிஷப் கை வைப்பார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதைப் பார்க்க இல்லை, 1945-இலேயே இறந்துவிட்டார். நம் பகுதிக்குப் பேராயராக வந்த லெக், லண்டன் மிஷன்காரரே. பிஷப்பே வேண்டாம் என்ற வீட்டிலிருந்து ஒரு பிஷப்! 1959-இல் கன்னியாகுமரிப் பேராயம் (பேராயரின் ஆளுகைப் பகுதி) தனியானது, முதல் பேராயர் ஐ. ஆர். எச். ஞானதாசன்.

இலத்தீன் முறைக் கத்தோலிக்க ஆயரைப் பாப்பரசர் நியமிக்கிறார். சீரோ மலபார், சீரோ மலங்கரைக்கு அந்தந்தச் சபை ஆயர்கள் கூடித் தேர்ந்தெடுக்க, பாப்பரசர் ஒப்புதல் தருகிறார். நம்மிடம் ஓட்டு கேட்க மாட்டார்கள். சி.எஸ்.ஐ.யில் பேராய மன்றம் ஓட்டுப் போட்டுப் பெயர்களை அனுப்ப, திருச்சபை முழுவதற்குமான சினாடு மன்றம் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். தேர்தல் என்றால் அதன் சூடும் இருக்கும், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. பேராயர் குடும்பஸ்தராக இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். 2013-இல் ஆந்திராவில் நந்தியாலுக்குப் புஷ்பலலிதா பேராயரானார்.

இரட்சணிய சேனையில் (சால்வேஷன் ஆர்மி) பிஷப்பும் இல்லை, குருவும் இல்லை, கேப்டன், மேஜர்தான். ஞானஸ்நானம், திருவிருந்து எதுவும் கிடையாது. கணவனும் மனைவியும் சேர்ந்தே ஆபீசராக இருப்பார்கள். நாகர்கோவில் பக்கத்து லுத்தரன் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் உண்டு, பிஷப் இல்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டர். அங்கேயும் சமீபகாலமாக பிளெக்ஸ் போர்டுகளில் 'பிஷப்' முளைக்கிறது. ஒரே ஒரு கட்டடத்துக்கு பிஷப் எதற்கு என்று எனக்குப் புரிவதில்லை.

அந்தக் கல்யாணத்துப் போதகர் கடைசி வரை பெரிய நாற்காலியில் உட்காரவில்லை. அதில் அத்தையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டார். இப்போது எங்கள் வீட்டுக்கு எந்த அழைப்பிதழ் வந்தாலும் அத்தை முதலில் கேட்பது, "இது எந்த ஆயருடே?"